ஈப்போ டவர் பதில் சொல்லவில்லையா? வாட்சிம்மில் விமானிப் பயிற்சி தொடங்குவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

சுங்கை சிப்புட்டில் ஓடுபாதை கிடையாது. ஆனால் ஈப்போவின் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்திலிருந்து கிட்டத்தட்ட நேர் வடக்கே 15 கடல் மைல் பறந்தால் நம் ஊருக்கு மேலே வந்துவிடலாம். செஸ்னா 172-இல் அது எட்டு நிமிடப் பயணம். சிம்மோரைத் தாண்டியதும் இரயில் தண்டவாளமும் நெடுஞ்சாலையும் செம்பனைத் தோட்டத்தின் சதுரங்களும் கீழே விரியும். அந்த எட்டு நிமிடத்தை வீட்டுக் கணினியின் பறப்புச் சிமுலேட்டரிலேயே, மறுமுனையில் ஒரு நிஜ மனிதர் கண்ட்ரோலராக (விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துபவராக) இருந்து வழிகாட்டப் பறக்கலாம். அதற்கான இணைய வலையமைப்புதான் வாட்சிம். 2001-இல் தொடங்கியது. கட்டணம் இல்லை. 13 வயது ஆகியிருக்க வேண்டும்.

முதல் வாரத்திலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களுக்குப் பறக்கத் தெரியாமல் இல்லை. பேசினால் பதில் வருவதில்லை, பதில் வந்தால் புரிவதில்லை, எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க வழி தெரிவதில்லை. கீழே உள்ளவை அப்படி வருகிற கோளாறுகள், உங்களுக்குத் தெரிகிற அறிகுறியின் பெயரிலேயே. எதைச் சரிபார்த்தாலும் இந்த வரிசையில் போங்கள்: கணக்கு, இணையத் தொடர்பு, ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு உங்களை அடையாளம் காட்டும் கருவி), பறப்புத் திட்டம், கடைசியில் விமானம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், எது கோளாறு என்று தெரியாமலே போய்விடும். அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வரும்.

கணக்கு திறந்தாயிற்று, உள்ளே நுழைய விடமாட்டேன் என்கிறது

புதிய உறுப்பினர் அறிமுகப் பாடத்தையும் அதன் தேர்வையும் முடிக்காதவர்களை வலையமைப்பு விமானியாக இணைய விடாது. கணக்கு திறந்த அன்றே பறக்க உட்காருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். பாடத்தைப் படித்துவிட்டுத் தேர்வு எழுதுங்கள். அதில் கேட்கும் விஷயங்கள் எல்லாமே முதல் நாளிலேயே தேவைப்படுகிறவை.

தேர்வு முடிந்தும் மறுக்கிறதா? உள்நுழையும் இடத்தில் மின்னஞ்சலைப் போட்டிருப்பீர்கள். அங்கே கேட்பது உங்கள் உறுப்பினர் எண், அதாவது சிஐடி. உறுதிப்படுத்தும் அஞ்சல் வரவில்லை என்றால் குப்பை அஞ்சல் பெட்டியைப் பாருங்கள். ஏற்கெனவே கணக்கு வைத்திருந்து நெடுநாள் பறக்காமல் விட்டவர்கள் முதலில் அந்தக் கணக்கை மீண்டும் இயங்க வைக்க வேண்டும். புதிதாக இன்னொன்று திறக்கக் கூடாது. ஒருவருக்கு ஒரு கணக்குதான். அண்ணன் கணக்கில் தம்பி பறப்பதும் விதிமீறல். ஒரே கணினி என்றாலும் ஆளுக்கொரு கணக்கு வேண்டும்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. அடையாள அட்டையில் நடுவே ஏ/எல் அல்லது ஏ/பி இருக்கும், குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இருக்காது. பதிவுப் படிவத்தில் முதல் பெயருக்கு உங்கள் பெயர், கடைசிப் பெயருக்கு அப்பா பெயர், அவ்வளவு போதும். உண்மைப் பெயராக இருக்க வேண்டும். பறக்கும்போது பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால், பெயர் கேட்கும் இடத்தில் சிஐடி எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.

'இந்த அழைப்புக்குறி பயன்பாட்டில் உள்ளது' என்று வருகிறது

அழைப்புக்குறி என்பது ரேடியோவில் உங்கள் விமானத்தின் பெயர். அதை வைத்திருப்பது பெரும்பாலும் நீங்களேதான். கணினி உறைந்தோ இணையம் அறுந்தோ போனால், பழைய இணைப்பின் நிழல் சர்வரில் சிறிது நேரம் நின்றுகொண்டிருக்கும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து மறுபடியும் இணையுங்கள். அப்போதும் அதே செய்தி வந்தால் வேறு யாரோ அதை எடுத்திருக்கிறார்கள். கடைசி எழுத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மலேசியப் பதிவு 9எம் என்று தொடங்கும். நடுக்கோடு போடாமல் எழுத வேண்டும்.

இணைந்து சில நிமிடங்களில் அறுந்துவிடுகிறது

முதலில் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் நிற்கிறது, வீட்டு இணையத்தில் நிற்கவில்லை என்றால் கோளாறு உங்கள் ரௌட்டரிலோ வைஃபையிலோ இருக்கிறது. இரண்டிலும் அறுகிறது என்றால் கணினியின் தீச்சுவரைப் பாருங்கள். சிமுலேட்டரை வாட்சிம்மோடு இணைக்கும் விமானி மென்பொருளுக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். வாட்சிம் சர்வருக்குப் போகும் வழி டிசிபி போர்ட் 6809.

ரௌட்டர் முன்னறையில், கணினி பின்னறையில், நடுவே இரண்டு செங்கல் சுவர் என்பது நம் தாமான் வீடுகளின் அமைப்பு. வைஃபையில் காணொளி ஓடுகிறதே என்று ஏமாறாதீர்கள். காணொளி முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டு ஓடும். நேரடிக் குரலுக்கும் விமானத்தின் இடத்தகவலுக்கும் அந்த வசதி இல்லை. 15 அல்லது 20 மீட்டர் லேன் கம்பி ஒன்றைச் சுவர் ஓரமாக இழுத்துவிட்டால் இந்தக் கோளாறில் பாதி போய்விடும்.

மீதிப் பாதிக்கு மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரே காரணம். அது பறக்கப் பறக்கத் தரைக்காட்சிகளை இறக்கிக்கொண்டே இருக்கும். மெதுவான இணைப்பில் அதுவே குழாய் முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. தரவு அமைப்பில் போட்டோகிராமெட்ரியை (நிழற்படங்களிலிருந்து உருவாக்கிய முப்பரிமாண நகரக் காட்சியை) அணைத்துவிட்டு, சுழல் சேமிப்பின் அளவைக் கூட்டுங்கள். அடிக்கடி பறக்கும் கிந்தா பள்ளத்தாக்கு ஒருமுறை சேமிப்பில் விழுந்துவிட்டால் திரும்பத் திரும்ப இறக்காது. ஹாட்ஸ்பாட்டையே நம்பியிருக்கும் தோட்ட வீடுகளில் இது பணத்தையும் மிச்சப்படுத்தும்.

பிற்பகல் இடிமழையும் கணக்கில் இருக்கட்டும். மின்சாரம் ஒரு நொடி துடித்தாலே ரௌட்டர் மறுபடி எழ இரண்டு நிமிடம் எடுக்கும். ரௌட்டருக்கு மட்டும் ஒரு சிறிய யூபிஎஸ் வைத்தாலும் பயன் உண்டு. இடி நெருக்கமாக விழும்போது பயிற்சி வேண்டாம், பிளக்கைக் கழற்றுங்கள். பயிற்சியாளரோடு நேரம் குறிப்பதாக இருந்தால் இரவு 8 மணிக்குப் பிறகு குறியுங்கள்.

இணைந்த உடனே எச்சரிக்கைச் செய்தி வருகிறது

நீங்கள் ஓடுபாதையின் மேல் முளைத்திருக்கிறீர்கள். சிமுலேட்டரில் விமான நிலையத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் அது உங்களை ஓடுபாதை முனையில் கொண்டுபோய் வைக்கும். அதே நேரத்தில் வேறொருவர் இறங்கிக்கொண்டிருக்கலாம். வரைபடத்தைப் பெரிதாக்கி ஒரு நிறுத்துமிடத்தைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். இணைந்த பின் 30 நிமிடத்துக்கு மேல் ஆளில்லாமல் விட்டுப் போவதும் கூடாது. சாப்பிடக் கூப்பிட்டால் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போங்கள்.

யாருமே பதில் சொல்வதில்லை

முதல் கேள்வி: அந்த நேரத்தில் கண்ட்ரோலர் இருக்கிறாரா? டவர் இல்லையென்றால் யாருமே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. வாட்சிம்மில் மேலே இருப்பவர் கீழே உள்ளதையும் சேர்த்துப் பார்ப்பார். ஈப்போ டவர் காலியாக இருந்து, அப்பகுதியை உள்ளடக்கிய அப்ரோச்சோ (நிலையத்தைச் சுற்றியுள்ள வானைப் பார்ப்பவர்) கோலாலம்பூர் சென்டரோ (அதைவிடப் பரந்த வானைப் பார்ப்பவர்) இணைந்திருந்தால், தரையில் உருளவும் அவரிடமே அனுமதி கேட்க வேண்டும். விமானி மென்பொருளின் கண்ட்ரோலர் பட்டியலில் அவர் அலைவரிசை இருக்கும். அவர் எந்தெந்த நிலையங்களைப் பார்க்கிறார் என்பதை அவருடைய தகவல் குறிப்பில் பெரும்பாலும் எழுதியிருப்பார். பேசுவதற்கு முன் அதைப் படியுங்கள்.

யாருமே இல்லையென்றால் 122.800-க்குப் போங்கள். அது யூனிகாம், கண்ட்ரோலர் இல்லாதபோது விமானிகள் பயன்படுத்தும் பொது அலைவரிசை. அங்கே அனுமதி கேட்கக் கூடாது, நீங்கள் செய்யப்போவதைத்தான் அறிவிக்க வேண்டும்: எந்த நிலையம், எந்த ஓடுபாதை, என்ன செய்யப் போகிறீர்கள். சுருக்கமாக எழுத்தில் போடுங்கள். ஆளே இல்லாத வானம் என்று தோன்றினாலும் போடுங்கள். பினாங்கிலிருந்து வரும் ஒருவர் உங்கள் ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கலாம்.

கண்ட்ரோலர் இருக்கிறார், அலைவரிசையும் சரி, ஆனாலும் அமைதி. அப்படியானால் கோளாறு உங்கள் ரேடியோவில். கீழே பாருங்கள்.

கேட்கவும் இல்லை, பேசவும் முடியவில்லை

விமானி மென்பொருளான விபைலட் உங்கள் விமானத்தின் ரேடியோவைத்தான் பின்பற்றும். விமானத்தில் மின்சாரம் இல்லையென்றால் வாட்சிம்மிலும் ரேடியோ இல்லை. இருண்ட, அணைந்த நிலையில் தொடங்கியவர்கள் பாட்டரி சுவிட்சையும் ஏவியோனிக்ஸ் (ரேடியோ போன்ற மின்னணுக் கருவிகள்) சுவிட்சையும் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். செஸ்னாவில் ஏவியோனிக்ஸ் தனி சுவிட்ச், அதைத்தான் மறப்பார்கள்.

மின்சாரம் இருக்கிறது என்றால் அடுத்த இடம் அலைவரிசைப் பலகை. ரேடியோவில் இரண்டு எண்கள் தெரியும்: ஒன்று செயலில் உள்ளது, மற்றது காத்திருப்பில் உள்ளது. நீங்கள் திருப்பி வைத்தது காத்திருப்பில் இருக்கும். இடமாற்றும் பொத்தானை அழுத்தாதவரை அது வெறும் எண்தான். அடுத்து ஆடியோ பலகையில் முதல் ரேடியோவின் பேசும் பொத்தான் அழுந்தியிருக்கிறதா? இரண்டாவது ரேடியோ தேர்வாகியிருந்தால் உங்கள் குரல் அங்கே போய்க்கொண்டிருக்கும்.

அலைவரிசை தானாகவே மாறுகிறது என்றால் சிமுலேட்டரின் உதவி அமைப்பில் ரேடியோவைத் துணைவிமானி கவனிக்கும்படி விட்டிருக்கிறீர்கள். அதை அணையுங்கள். சிமுலேட்டரோடு வரும் கண்ட்ரோலர் சாளரத்தையும் மூடிவிடுங்கள். அது கொடுக்கும் ஸ்குவாக் எண்ணுக்கு (டிரான்ஸ்பாண்டரில் வைக்கும் நான்கு இலக்கத்துக்கு) வாட்சிம்மில் பொருள் இல்லை.

எனக்குக் கேட்கிறது, என் குரல் மட்டும் போகவில்லை

விபைலட் சாளரத்தில் ஒவ்வொரு ரேடியோவுக்கும் அனுப்பு விளக்கும் பெறு விளக்கும் உண்டு. பேசும் விசையை அழுத்திக்கொண்டு அனுப்பு விளக்கைப் பாருங்கள்.

விளக்கு எரியவில்லை என்றால் விசை வேலை செய்யவில்லை. அமைப்பில் பேசும் விசையைக் குறித்தே இருக்க மாட்டீர்கள். அல்லது சிமுலேட்டரை நிர்வாகி அனுமதியோடும் விபைலட்டைச் சாதாரணமாகவும் திறந்திருப்பீர்கள். அப்படித் திறந்தால், சிமுலேட்டர் சாளரம் முன்னால் இருக்கும்போது விபைலட்டுக்கு விசை அழுத்தம் போய்ச் சேராது. இரண்டையும் ஒரே மாதிரி திறங்கள். விசைப்பலகையில் சிமுலேட்டர் வேறு வேலைக்கு வைத்திருக்கும் விசையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பேசும்போதெல்லாம் காட்சி மாறும், இல்லாவிட்டால் பிரேக் விழும். ஜாய்ஸ்டிக்கின் விரல் பொத்தான்தான் நல்லது.

விளக்கு எரிகிறது, ஆனாலும் அவருக்குக் கேட்கவில்லை என்றால் மைக். விண்டோஸின் தனியுரிமை அமைப்பில் மைக்கைப் பயன்படுத்தச் செயலிகளுக்கு அனுமதி இருக்கிறதா? விபைலட்டின் ஒலி அமைப்பில் தேர்வாகியிருப்பது ஹெட்செட்டின் மைக்கா, மடிக்கணினியின் மைக்கா, வெப் கேமராவின் மைக்கா? அதே பக்கத்தில் ஒலி அளவு காட்டும் பட்டை உண்டு. சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். பட்டை நடுவில் ஆட வேண்டும். அடியிலேயே கிடந்தால் உங்கள் குரல் முணுமுணுப்பாகப் போகும். உச்சியில் இடித்தால் பிசிறும்.

வீட்டில் பாட்டி உறங்கும் நேரத்தில் பேச முடியாது, மைக் உடைந்துவிட்டது என்றாலும் பறக்கலாம். எழுத்தில் பேசுவதற்கு அனுமதி உண்டு. அவர் பேசுவதைக் காதால் கேட்டு, நீங்கள் தட்டச்சில் பதில் சொல்லலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

குரல் போகிறது, 'சே அகெய்ன்' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்

துத்தநாகக் கூரைமேல் மழை பெய்கிறது. அல்லது மின்விசிறி நேராக மைக்கில் அடிக்கிறது. மேசை மைக்கை ஒதுக்கிவிட்டு வாய்க்கு அருகே வரும் ஹெட்செட் மைக்கை வாங்குங்கள். விலை மலிவானதும் போதும். மைக் வாய்க்கு நேர் எதிரே இருந்தால் மூச்சுக்காற்று இடிக்கும். உதட்டு ஓரத்தில், இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும்.

இன்னொரு காரணம், விசையை அழுத்துவதற்கு முன்பே பேசத் தொடங்கிவிடுவது. அழைப்புக்குறியின் முதல் பாதி வெட்டுப்படும். அழுத்துங்கள், அரை நொடி விடுங்கள், பிறகு பேசுங்கள். நம் உச்சரிப்பு ஒரு தடையே இல்லை. வேகம்தான் தடை.

ஓடுபாதையில் ஒரு விமானம் நிற்கிறது, கண்ட்ரோலருக்கு அது தெரியவில்லை

அது வாட்சிம் விமானம் அல்ல. சிமுலேட்டர் தானே உருவாக்கிய போக்குவரத்து, அல்லது மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து வரும் வேறு விளையாட்டாளர். தரவு அமைப்பில் நேரலைப் போக்குவரத்தையும் பலபேர் விளையாடும் வசதியையும் அணைத்துவிடுங்கள். நேரலை வானிலை மட்டும் இருக்கட்டும்.

எல்லா விமானமும் ஒரே மாதிரி தெரிந்தால், மற்றவர்களின் விமானங்களுக்கு ஏற்ற உருவ மாதிரிகள் உங்கள் கணினியில் இல்லை என்று பொருள். விபைலட்டோடு எஃப்எஸ்எல்டிஎல் போன்ற இலவச மாதிரித் தொகுப்பு ஒன்றை நிறுவுங்கள். எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டரில் எக்ஸ்பைலட் என்ற விமானி மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் சிஎஸ்எல் என்ற மாதிரித் தொகுப்பை இறக்கி, அது இருக்கும் அடைவை அமைப்பில் காட்ட வேண்டும். இது அழகுக்காக மட்டும் சொல்வதில்லை. 'முன்னால் போகும் ஏர்பஸ்ஸுக்குப் பின் போ' என்று சொன்னால் ஏர்பஸ் எது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

உங்களை ரேடாரில் காணவில்லை என்கிறார்

டிரான்ஸ்பாண்டர் காத்திருப்பில் இருக்கிறது. விமானத்தில் உள்ள குமிழை உயரம் அனுப்பும் நிலைக்குத் திருப்புங்கள். பிறகு விபைலட்டில் மோட் சி (உயரத்தையும் சேர்த்து அனுப்பும் நிலை) இயங்குகிறதா என்றும் பாருங்கள். சில விமானங்களில் குமிழைத் திருப்பினாலும் மென்பொருளுக்குப் போய்ச் சேராது. அப்போது மென்பொருளின் பொத்தானையே அழுத்த வேண்டும்.

அவர் கொடுக்கும் நான்கு இலக்கத்தில் 8-உம் 9-உம் வரவே வராது. கேட்டது 8 என்று தோன்றினால் தவறாகக் கேட்டிருக்கிறீர்கள்; திரும்பக் கேளுங்கள். 7500-ஐ விளையாட்டுக்குக்கூடப் போடாதீர்கள். கடத்தலுக்கான அந்த எண் வாட்சிம்மில் தடை. எண்ணைத் திருப்பும்போது தற்செயலாக அதைக் கடந்து போகலாம் என்பதால், டிரான்ஸ்பாண்டரைக் காத்திருப்பில் வைத்து எண்ணை மாற்றிவிட்டுப் பிறகு இயக்குங்கள்.

பறப்புத் திட்டம் இல்லை என்கிறார், நானோ அனுப்பிவிட்டேன்

திட்டத்தில் எழுதிய அழைப்புக்குறியும் இணைந்த அழைப்புக்குறியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறொருவர் திட்டம்.

அடுத்தது நேரம். திட்டத்தில் எழுதும் நேரம் உலகப் பொது நேரம், யூடிசி. மலேசியா எட்டு மணி நேரம் முன்னே போகிறது. இரவு 9 மணிக்குப் புறப்படுவதாக இருந்தால் 1300 என்று எழுத வேண்டும். 2100 என்று எழுதினால் நீங்கள் மறுநாள் அதிகாலை 5 மணிக்குப் புறப்படுகிறீர்கள்.

நிலையக் குறியீடுகளும் கை தவறும். ஈப்போ டபிள்யூஎம்கேஐ, கேஎல்ஐஏ டபிள்யூஎம்கேகே, பினாங்கு டபிள்யூஎம்கேபி, சுபாங் டபிள்யூஎம்எஸ்ஏ. விமானச் சீட்டில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீடு இங்கே செல்லாது.

உயரம் எழுதும்போது போகும் திசையைப் பாருங்கள். கண்ணால் பார்த்துப் பறக்கும் விஎஃப்ஆர் பயணத்தில் 000 முதல் 179 வரையான திசைக்கு ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500. 180 முதல் 359 வரை இரட்டைப்படை ஆயிரத்தோடு 500. ஈப்போவிலிருந்து சுபாங் ஏறத்தாழ 90 கடல் மைல், திசை 162. எனவே 3,500 அல்லது 5,500 அடி. பினாங்கு ஏறத்தாழ 65 கடல் மைல், திசை 312. எனவே 4,500 அடி. சுபாங் போகிறவர்கள் கம்பார், தாப்பா, பீடோர், சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என்று நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு போங்கள். கிழக்கே விலகினால் தித்திவாங்சா மலைத்தொடர். ஈப்போவுக்குக் கிழக்கே நிற்கும் கோர்பு மலையே 2,183 மீட்டர், அதாவது 7,162 அடி.

திட்டத்தின் குறிப்புப் பகுதியில் நீங்கள் பயிற்சி விமானி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அதைப் பார்க்கும் கண்ட்ரோலர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வார்.

அவர் சொல்வது வேகமாக இருக்கிறது, திருப்பிச் சொல்ல முடியவில்லை

பயிற்சியின் முதல் மாதத்தில் உண்மையான சுவர் இதுதான். மற்றவை எல்லாம் ஒருமுறை சரிசெய்தால் தீர்ந்துவிடும்; இது பழக்கத்தால் மட்டுமே தீரும். ஆனால் பழகுவதற்கு ஒரு வழி இருக்கிறது.

ரேடியோவில் வரும் வாக்கியம் ஒழுங்கில்லாமல் வருவதில்லை. எந்தக் கட்டத்தில் என்ன வரும் என்பது ஏறக்குறைய நிலையானது. உருள அனுமதி கேட்டால் ஓடுபாதை எண்ணும் டாக்ஸிவேயும் (ஓடுபாதைக்கு உருண்டு போகும் வழி) க்யூஎன்எச்சும் (உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்த எண்) வரும். ஆகவே கேட்பதற்கு முன்பே தாளில் வெற்றிடம் போட்டு வையுங்கள்: ஓடுபாதை என்று எழுதி ஒரு கோடு, வழி என்று எழுதி ஒரு கோடு, க்யூஎன்எச் என்று எழுதி ஒரு கோடு, ஸ்குவாக் என்று எழுதி நான்கு கட்டம். காது வாக்கியத்தைத் தேடாமல் எண்ணைத் தேடும். அரைவாசி வேலை குறைந்துவிடும்.

எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. ஓடுபாதை, அதில் ஏறவோ இறங்கவோ கடக்கவோ கிடைத்த அனுமதி, அதற்கு முன் நிற்கச் சொன்னது, திசை, உயரம், வேகம், ஸ்குவாக், க்யூஎன்எச், அடுத்த அலைவரிசை ஆகியவற்றைக் கட்டாயம் திருப்பிச் சொல்ல வேண்டும். காற்றைச் சொல்ல வேண்டாம். கடைசியில் உங்கள் அழைப்புக்குறி.

முதல் அழைப்பு இப்படி இருந்தால் போதும்: 'ஈப்போ டவர், நைனர் மைக் ஆல்ஃபா பிராவோ சார்லி, செஸ்னா ஒன் செவன் டூ, அட் தி ஏப்ரன், ரிக்வெஸ்ட் டாக்ஸி ஃபார் சர்க்கிட்ஸ்.' சர்க்கிட், அதாவது சர்க்யூட் என்பது ஏறி, ஓடுபாதையைச் செவ்வகமாகச் சுற்றி வந்து அதிலேயே இறங்குவது. அந்த அழைப்பை விசையை அழுத்தாமல் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாக்கு பழகிவிட்டால் மனம் பறப்பதைக் கவனிக்கும்.

மூன்று சொற்கள் உங்களைக் காப்பாற்றும். புரியவில்லை என்றால் 'சே அகெய்ன்'. கை வேலையாக இருந்தால் 'ஸ்டாண்ட்பை'. செய்ய முடியாது என்றால் 'அனேபிள்'. புரியாமலே 'ராஜர்' (கேட்டுக்கொண்டேன்) என்று சொல்வதுதான் தவறு. பள்ளியில் ஆசிரியர் 'புரிந்ததா' என்று கேட்டால் தலையாட்டும் பழக்கம் நமக்கு உண்டு. ரேடியோவில் அந்தப் பழக்கம் இரண்டு விமானங்களை ஒரே ஓடுபாதைக்குக் கொண்டுவந்துவிடும்.

பறக்காமல் கேட்டுப் பழகவும் வழி உண்டு. கண்ட்ரோலர் இருக்கும் நிலையத்தின் நிறுத்துமிடத்தில் இணைந்து, அவர் அலைவரிசையை வைத்து அரை மணி நேரம் மற்றவர்கள் பேசுவதைத் தாளில் எழுதுங்கள். கணினி முன்னே உட்கார்ந்திருந்து கேட்க வேண்டும் என்பது மட்டுமே விதி.

உயரத்தைச் சரிபார்க்கச் சொல்கிறார்

உயரமானியில் க்யூஎன்எச் வைக்கவில்லை. மலேசியாவில் அது ஹெக்டோபாஸ்கலில் சொல்லப்படும்; சிமுலேட்டரின் செஸ்னாவோ பெரும்பாலும் அங்குலத்தில் காட்டும். ஹெக்டோபாஸ்கலை 0.02953-ஆல் பெருக்குங்கள்: 1008 என்றால் 29.77. ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலுக்கும் ஏறத்தாழ 30 அடி மாறும். க்யூஎன்எச் 1008 இருக்கும்போது நீங்கள் 1013-இலேயே விட்டிருந்தால் உங்கள் உயரமானி 150 அடி கூடுதலாகக் காட்டும். உண்மையில் நீங்கள் தாழப் பறந்துகொண்டிருப்பீர்கள்.

உருளும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். ஈப்போ நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 130 அடி. நிற்கும் இடத்தில் உயரமானி அதற்கு அருகே காட்ட வேண்டும். மலேசியாவில் 11,000 அடி வரை க்யூஎன்எச். அதற்கு மேலே போகும்போதுதான் 1013. பயிற்சி செஸ்னாவுக்கு அந்தப் பேச்சே வராது.

சர்க்யூட் கோணலாகப் போகிறது

ஏறும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கிறதா? அது விமானத்தின் கோளாறு அல்ல. இயந்திரத்தின் முழு ஆற்றலில் சுழலும் புரொபெல்லர் அப்படித்தான் இழுக்கும். வலது ரடர் (வால் சுக்கான்) கொடுங்கள். மிதி இல்லாதவர்கள் ஜாய்ஸ்டிக்கைத் திருகலாம். தானியங்கி ரடர் உதவியைப் போட்டுவைத்திருந்தால் இது உங்களுக்குத் தெரியவே தெரியாது. விமானித் தரத் தேர்வில் தேர்வாளர் முன்னால் அணைத்துப் பறக்கும்போதுதான் தெரியும். இன்றே அணையுங்கள்.

55 நாட் (மணிக்கு 55 கடல் மைல்) வேகத்தில் மூக்கைத் தூக்கி, 75 நாட் வேகத்தில் ஏறி, ஈப்போவில் ஏறத்தாழ 1,100 அடியில் சமன் செய்யுங்கள். தரையிலிருந்து 1,000 அடி என்பது அங்கே அதுதான். கண்ட்ரோலர் வேறு சொல்லாதவரை திருப்பம் இடப்பக்கம். ஓடுபாதைக்கு இணையாக வரும் டவுன்விண்டில் ஏறத்தாழ ஒரு கடல் மைல் தள்ளி இருக்க வேண்டும். பெரும்பாலோர் மிக நெருக்கமாக வருகிறார்கள். நெருக்கமாக வந்தால் இறுதி நேர்கோட்டுக்கு முந்தைய குறுக்குப் பக்கமான பேஸ் குறுகும், இறங்க நேரம் இருக்காது, இறுதி நேர்கோட்டில் மிக உயரத்தில் இருப்பீர்கள், மூக்கைக் குத்துவீர்கள், வேகம் கூடும், ஓடுபாதையின் பாதிவரை மிதப்பீர்கள். கோளாறு இறங்கும்போது தெரிகிறது. பிறந்த இடம் டவுன்விண்ட்.

ஓடுபாதை முனைக்கு நேரே வரும்போது இயந்திரத்தை நிமிடத்துக்கு 1,500 சுழற்சிக்குக் குறைத்து, வேகம் 110 நாட் அளவுக்குக் கீழே என்று உறுதி செய்து 10 பாகை ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு) இறக்குங்கள். முனை தோளுக்குப் பின்னால் 45 பாகையில் தெரியும்போது பேஸுக்குத் திரும்புங்கள். இறுதி நேர்கோட்டில் 65 நாட். அப்போது நிமிடத்துக்கு 325 அடி இறக்கம் சரியான சாய்வு தரும்; தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் அந்த எண் வரும். 300 அடியிலும் நிலை சரியாகவில்லை என்றால் 'கோயிங் அரவுண்ட்' என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஏறுங்கள். அதைத் தோல்வி என்று எந்தத் தேர்வாளரும் எழுத மாட்டார். பிடிவாதமாக இறக்குவதைத்தான் எழுதுவார்.

மெதுவாகப் பறக்கிறீர்கள் என்று கண்ட்ரோலர் சொல்கிறார், வேகங்காட்டியிலோ வேகம் சரி

எக்ஸ்-பிளேன் பயன்படுத்துகிறீர்கள், காட்சி வேகம் நொடிக்கு 20 ஃபிரேமுக்குக் கீழே விழுந்துவிட்டது. அப்போது எக்ஸ்-பிளேன் நேரத்தையே மெதுவாக்கிவிடும். உங்களுக்கு 100 நாட், அவர் ரேடாரில் 70. காட்சித் தரத்தைக் குறையுங்கள். நிழல், பொருள்களின் எண்ணிக்கை, மேகம் என்ற வரிசையில்.

பயிற்சிக்கு எழுதிப்போட்டும் பயிற்சியாளர் கிடைக்கவில்லை

வாட்சிம்மில் பயிற்சி விமானி ஒவ்வொன்றாக ஏறிப்போகும் தரங்கள் நான்கு: பி1 தனியார் விமானி, பி2 கருவிவழிப் பறத்தல், பி3 பல இயந்திர வணிக விமானி, பி4 விமானச் சேவை விமானி. அங்கீகாரம் பெற்ற பயிற்சி அமைப்புகள் இவற்றை நடத்துகின்றன. பயிற்சியாளர்கள் எல்லாரும் வேலை முடிந்து வந்து இலவசமாகச் சொல்லிக்கொடுப்பவர்கள். வரிசை நீளும். அதனால் ஒரு மாதம் காத்திருந்துவிட்டு முதல் வகுப்பில் மைக் வேலை செய்யாமல் உட்கார்ந்திருப்பது, பின்னால் நிற்பவரின் நேரத்தையும் தின்பதாகும்.

காத்திருக்கும் நாளில் செய்ய வேண்டியது இது. பறக்காமல் படிக்க வேண்டிய ஏட்டுப் பாடத்தை முடியுங்கள். வாரம் இருமுறை, கண்ட்ரோலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஈப்போவில் ஆறு சர்க்யூட். அது கைக்கு வந்த பின், டவரிடம் வடக்கே போக அனுமதி கேளுங்கள். ஓடுபாதை 22-இல் ஏறினால் நீங்கள் தென்மேற்கு நோக்கி இருப்பீர்கள்; வலப்பக்கம் திரும்ப வேண்டும், அதனால் வலத் திருப்பத்தையும் சேர்த்தே கேளுங்கள். சிம்மோர் வழியாகச் சுங்கை சிப்புட். நகரைச் சுற்றி ஒரு வட்டம், பிறகு திரும்பி வந்து, ஈப்போ டவரின் எல்லைக்குள் நுழைவதற்கு முன் இடமும் உயரமும் சொல்லி இறங்குங்கள். முதல் வகுப்பில் பயிற்சியாளர் கேட்பது அநேகமாக இதைத்தான்.

வகுப்பு நாளில் அரை மணி முன்பே இணைந்து, மைக், பேசும் விசை, டிரான்ஸ்பாண்டர், அழைப்புக்குறி நான்கையும் பாருங்கள். நடுவில் யாராவது வேண்டுமென்றே தொல்லை கொடுத்தால் அலைவரிசையில் சண்டை வேண்டாம். எழுத்துப் பெட்டியில் முன்னால் புள்ளி வைத்து வாலப் கட்டளையோடு (.wallop) நடந்ததை எழுதினால் மேற்பார்வையாளருக்குப் போகும். மின்சாரம் போய் வகுப்பு அறுந்தால், திரும்ப இணைந்ததும் கண்ட்ரோலரிடம் எங்கே விட்டீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.